மொரீசியஸின் மாவட்டங்களை உற்பத்தி வைத்து ஒப்பிடுவது எப்படி?

மொக்கா_வாசகி எழுதியது:

வணக்கம். மொரீசியஸின் ஒன்பது மாவட்டங்களையும் ரொட்ரீக்ஸையும் பொருளாதார உற்பத்தி வைத்து ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அரசுப் புள்ளிவிவர அலுவலகமான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீசியஸ் தரும் தேசியக் கணக்கு அட்டவணைகளில் துறைவாரியான எண்கள் இருக்கின்றன. மாவட்டவாரியாக இல்லை. மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, தேசிய எண்ணை மாவட்டங்களுக்குப் பிரிக்க ஒழுங்கான முறை எது? மக்கள்தொகை விகிதத்தில் பிரித்தால் எல்லா மாவட்டமும் தலைக்கு ஒரே எண்ணாக வந்து நிற்கும், அதில் பயனில்லை. இரண்டு, கிடைத்த எண்ணைத் தலைக்கு இவ்வளவு என்று போட்டு எந்த மாவட்டம் பணக்கார மாவட்டம் என்று சொல்லலாமா? மூன்று, செயற்கைக்கோள் இரவு ஒளிப் படங்களை வைத்துச் சிலர் உற்பத்தியை மதிப்பிடுகிறார்களே, இவ்வளவு சிறிய தீவுக்கு அது ஒத்து வருமா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கேடு எழுதியது:

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முதல் கேள்வியின் முறையைத் தீர்மானிக்கும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாவட்ட உற்பத்தி என்பது வேலை நடக்கும் இடத்தின் கணக்கு. மக்கள்தொகை என்பது இரவில் தூங்கும் இடத்தின் கணக்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது அந்த மாவட்டத்துக்காரர் சம்பாதிப்பதும் அல்ல, அங்கே வேலை செய்பவர் ஈட்டித் தருவதும் அல்ல.

கற்பனை எண்களில் காட்டுகிறேன். ‘அ’ மாவட்டத்தில் ஆண்டு உற்பத்தி 10,000 கோடி ரூபாய், குடியிருப்போர் 1 லட்சம், வேலைகள் 90,000. அந்த வேலைகளில் 50,000 பேர் பக்கத்து ‘ஆ’ மாவட்டத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். ‘ஆ’வில் உற்பத்தி 12,000 கோடி, குடியிருப்போர் 4 லட்சம், வேலைகள் 1,30,000. தலைக்குப் பார்த்தால் ‘அ’வில் 10 லட்சம் ரூபாய், ‘ஆ’வில் 3 லட்சம். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதே உற்பத்தியை ஒரு வேலைக்கு எவ்வளவு என்று பாருங்கள்: ‘அ’வில் 11.1 லட்சம், ‘ஆ’வில் 9.2 லட்சம். வித்தியாசம் வெறும் 20 சதவீதம். வந்து போகிற 50,000 பேரும் ஆளுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளம் வாங்கினால் 2,000 கோடி ‘ஆ’வுக்கு வீடு திரும்புகிறது. அதை நகர்த்திய பிறகு தலைக்கு 8 லட்சமும் 3.5 லட்சமும். ஒரே இரண்டு மாவட்டங்கள், மூன்று விடைகள், மூன்றும் சரியான கணக்கு.

‘அ’ என்ற இடத்தில் போர்ட் லூயி என்று படியுங்கள். ஏறக்குறைய 43 சதுர கிலோமீட்டர். துறைமுகம், வங்கித் தலைமையகங்கள், அமைச்சகங்கள் எல்லாம் அதற்குள்ளே. வேலை செய்பவர்களில் பெரும்பங்கு காலையில் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்து இறங்குகிறவர்கள். ஐரோப்பாவில் லக்சம்பர்க்குக்கும் இதே நிலைமை. எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்கள் உற்பத்தியில் சேர்கிறார்கள், மக்கள்தொகையில் சேர்வதில்லை. அதனால்தான் அதன் தலைக்கு உற்பத்தி எண் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது.

ஆகவே ஒப்பீட்டுக்கு இரண்டு தனிக் கணக்கு வையுங்கள். வேலையிட அடிப்படையில் ஒரு வேலைக்கு எவ்வளவு மதிப்புக் கூட்டல் (உற்பத்தியின் மதிப்பிலிருந்து அதற்காக வாங்கிய பொருள், சேவைகளின் செலவைக் கழித்து மிஞ்சுவது) என்பது ஒன்று. குடியிருப்பு அடிப்படையில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வருமானம் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் எண் இருக்கிறது. ஆனால் அது மாதிரிக் கணக்கெடுப்பு. சிறு மாவட்டத்துக்கு வரும்போது வீடுகள் சில நூறாகச் சுருங்கிவிடும், பிழை எல்லையைச் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி பிரிக்கும் முறை. சிறிய நாட்டுக்கு மேலிருந்து கீழே வருவதுதான் நடைமுறை. துறைவாரியான தேசிய மொத்த மதிப்புக் கூட்டலை, நடப்பு ஆண்டின் அடிப்படை விலையில், எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) எண்ணைத் தொடாதீர்கள். அதில் 15 சதவீத வாட் வரியும் சுங்கமும் சேர்ந்திருக்கிறது. சுங்கம் துறைமுகத்தில் வசூலாவதால் அதைப் போர்ட் லூயிக்கு எழுதினால் கணக்கு அங்கேயே சாய்ந்துவிடும். கடைசியில் ஜிடிபி வேண்டுமென்றால், மாவட்ட மதிப்புக் கூட்டலின் விகிதத்திலேயே வரியையும் பகிர்ந்துவிடலாம். ஐரோப்பிய மண்டலக் கணக்குகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பிறகு ஒவ்வொரு துறைக்கும் ஒரு பங்கீட்டு அளவுகோல். எல்லாத் துறைக்கும் ஆள் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பின்னலாடைத் தொழிற்சாலையில் தைக்கிறவரும் எபேன் சைபர் சிட்டி அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறவரும் ஒரே மதிப்புக் கூட்டுவதில்லை. முடிந்தவரை சம்பளப் பட்டியல் தொகையை வைத்துப் பிரியுங்கள், அது கிடைக்காத இடத்தில் மட்டும் ஆள் எண்ணிக்கை. அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் உழைப்பாளர் புள்ளிவிவரத்தின் முக்கிய அட்டவணைகள் மொரீசியஸ்காரர்களை மட்டும் சொல்பவை. விடுதிகளில் தங்கி வேலை செய்யும் வங்கதேச, இந்திய, மடகாஸ்கர், நேபாளத் தொழிலாளர்கள் அவற்றில் வருவதில்லை. அவர்களை விட்டுவிட்டால் ஆடைத் தொழிற்சாலை உள்ள மாவட்டங்களில் வேலை எண்ணிக்கை குறைந்து, ஒரு வேலைக்கான உற்பத்தி பொய்யாக உயரும். அவர்களைத் தனியே சேர்க்க வேண்டும்.

கட்டுமானத்தை வேலை நடக்கும் தளத்தின் மாவட்டத்துக்கு எழுதுங்கள், கம்பெனி முகவரிக்கு அல்ல. அரசுப் பணியும் பள்ளியும் மருத்துவமனையும் பணியிடச் சம்பளப்படி போகும். ஹோட்டலுக்கு அறை எண்ணிக்கை மட்டும் போதாது. அறைகள், எத்தனை சதவீதம் நிரம்பியது, ஓர் இரவுக் கட்டணம் என்று மூன்றையும் பெருக்குங்கள். பெல் மேர் கடற்கரையில் ஐந்து நட்சத்திர அறையும் ஊருக்குள் இருக்கும் விருந்தினர் விடுதி அறையும் ஒரே எடை பெறக்கூடாது.

எக்செல்லில் செய்வதானால் ஒரு நடைமுறைக் குறிப்பு. தேசிய அட்டவணை ‘ரூபாய் மில்லியன்’ என்று வரும், மக்கள்தொகை மில்லியனில் அல்லாமல் முழு எண்ணாக வரும். வகுத்த பிறகு 10 லட்சத்தால் பெருக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு துறை வரிசையின் கடைசியிலும் பத்துப் பகுதிகளின் கூட்டுத்தொகைக்கும் தேசிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் ஒரு கட்டம் வையுங்கள். அது பூஜ்யம் ஆகாத வரிசையில் பங்குகள் ஒன்றுக்குக் கூடவில்லை என்று பொருள்.


வயல்வரப்பு எழுதியது:

கணக்கேடு ஐயா சொன்ன முறை சரி. கரும்பும் மின்சாரமும் பற்றி அவர் எழுதவில்லை, அதை நான் சேர்க்கிறேன். விவசாயம் முழுவதுமே நாட்டு உற்பத்தியில் சுமார் 4 சதவீதம்தான் என்பதால் பலர் அதை அலட்சியமாகப் பிரிப்பார்கள். ஃபிளாக், சவான், கிராண்ட் போர்ட் மாதிரி மாவட்டங்களின் கணக்கு அங்கேதான் கெடும்.

கரும்பு என்று ஒரே வரிசையில் எழுதாதீர்கள். வயல், ஆலை, மின்சாரம், விற்பனை என்று நான்கு படி. வயல் ஒரு மாவட்டத்தில், ஆலை இன்னொரு மாவட்டத்தில், விற்பனையைப் பார்க்கும் சர்க்கரை சிண்டிகேட் போர்ட் லூயியில். இன்று அரைக்கும் ஆலைகள் மூன்றுதான்: வடக்கே பெல் வ்யூவில் டெர்ரா, கிழக்கே யூனியன் ஃபிளாக்கில் ஆல்டியோ, தெற்கே லா பராக்கில் ஓம்னிகேன். ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்த உறுதி விலையை 36 சதவீதம் குறைத்து, 2009-ல் சர்க்கரை ஒப்பந்தமும் முடிந்தபோது, சின்ன ஆலைகளை மூடிப் பெரிய ஆலைகளில் குவித்ததன் விளைவு இது. மெடீன் ஆலையும் நின்ற பிறகு பிளாக் ரிவரில் வெட்டும் கரும்பு லாரியில் வேறு மாவட்டத்துக்கு அரைக்கப் போகிறது. பத்தாண்டுகளுக்கு முந்தைய மாவட்டப் பங்கை அப்படியே இன்றைக்கும் பயன்படுத்தினால் அங்கே இல்லாத ஆலைக்கு மதிப்புக் கூட்டல் எழுதிவிடுவீர்கள்.

வயல் பங்குக்கு அறுவடை செய்த பரப்பை எடுங்கள். பட்டா நிலத்தையோ பயிரிடத்தக்க நிலத்தையோ எடுக்காதீர்கள். சிறு விவசாயிகள் கைவிட்ட கரும்பு நிலம் நிறைய இருக்கிறது. பரப்பை அந்தந்தப் பகுதியின் விளைச்சலால் பெருக்குங்கள். மழை கொட்டும் மேட்டுப் பகுதியும் பாசனத்தை நம்பும் வடக்கும் மேற்கும் ஒரே விளைச்சல் தருவதில்லை. புயல் அடித்த ஆண்டையோ வறட்சி ஆண்டையோ தனியாக எடுத்துக் காட்டாதீர்கள், மூன்றாண்டு சராசரி போடுங்கள். அறுவடை ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை போவதால் நாட்காட்டி ஆண்டுக்குள் விளைச்சல் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பயிரின் இறுதி விலை பிறகுதான் முடிவாகும், அதனால் முதலில் வரும் மதிப்பீடு பின்னால் திருத்தப்படும்.

எல்லைச் சிக்கலுக்கு ஒரு நல்ல உதாரணம் லெஸ்கலியே. ஊரின் பெரும்பகுதி கிராண்ட் போர்ட் மாவட்டம், மேற்குப் பக்கம் சவான். லா பராக் ஆலைக்கு வரும் கரும்பும் இரண்டு மாவட்ட வயல்களிலிருந்து வருகிறது. இந்த இரண்டு மாவட்டங்களின் சர்க்கரை உற்பத்தியை எதிரெதிரே வைத்து ‘இது முந்தியது, அது பிந்தியது’ என்று எழுதுவதில் எந்தப் பொருளும் இல்லை. சர்க்கரைக்கு மட்டுமாவது தெற்கு என்று ஒரே பகுதியாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொரு காரணமும் சேர்க்கச் சொல்கிறது. ஒரு மாவட்டத்தில் ஒரே ஆலை என்றால் மாவட்ட எண்ணே அந்தக் கம்பெனியின் கணக்கு. புள்ளிவிவரச் சட்டம் 2000 தனி நிறுவனத்தின் தகவலை வெளியே விடக்கூடாது என்கிறது. அரசு அலுவலகத்திடம் சிறப்பு அட்டவணை கேட்டால் அந்தக் கட்டம் வெறுமையாக வரும். மறைத்த கட்டத்தைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அதற்காகவே பக்கத்துக் கட்டமும் மறைக்கப்பட்டிருக்கும்.

மின்சாரத்தை ஆள் எண்ணிக்கையிலோ சம்பளத்திலோ பிரிக்கவே கூடாது. ஒரு மின் நிலையத்தில் ஆட்கள் கொஞ்சம், மதிப்புக் கூட்டல் பெரிது. நிலையவாரியாக எத்தனை அலகு உற்பத்தி என்று எடுங்கள். அங்கேயும் அலகுக்கு அலகு சமமாகப் போட முடியாது. ஆலையோடு சேர்ந்த நிலையங்கள் அறுவடைக் காலத்தில் கரும்புச் சக்கையையும் மற்ற மாதங்களில் இறக்குமதி நிலக்கரியையும் எரிக்கின்றன. நிலக்கரி விலை ஏறி, மின்சாரத்தின் விற்பனை விலை அதே வேகத்தில் ஏறாவிட்டால், அதே அளவு மின்சாரம் உற்பத்தியானாலும் நடப்பு விலையில் அந்த மாவட்டத்தின் மதிப்புக் கூட்டல் சுருங்கும். தண்ணீரில் ஓடும் நிலையத்துக்கு அந்தப் பாதிப்பே கிடையாது.


மொக்கா_வாசகி எழுதியது:

மிகவும் நன்றி ஐயா, இருவருக்கும். இரண்டு துணைக் கேள்வி. நிதித் துறையை எப்படிப் பிரிப்பது? உலக வணிகக் கம்பெனிகள் (இங்கே பதிவாகி, பெரும்பாலும் வெளிநாட்டில் தொழில் செய்பவை) ஆயிரக்கணக்கில் ஒரே கட்டட முகவரியில் பதிவாகியிருக்கின்றன. அடுத்தது வீடுகள். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் ஏதோ வாடகை கணக்கில் எழுதுகிறார்கள் என்று படித்தேன், அது மாவட்ட ஒப்பீட்டில் வருமா?


எபேன்_மேசை எழுதியது:

நிதித் துறை நாட்டு மதிப்புக் கூட்டலில் எட்டில் ஒரு பங்கு போல இருக்கிறது. இதைத் தவறாக வைத்தால் மற்றத் துறைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தும் பயனில்லை.

பதிவு முகவரியை அளவுகோலாக எடுக்காதீர்கள். உலக வணிக உரிமம் பெற்ற பல கம்பெனிகளுக்குச் சொந்த ஊழியரே இல்லை. அவற்றின் கணக்கு எழுதுவது, இயக்குநர் கூட்டம் நடத்துவது, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வது எல்லாம் ஒரு மேலாண்மை நிறுவனம். உள்ளூரில் நடக்கும் வேலை அந்த மேலாண்மை நிறுவனத்தின் ஊழியர்களுடையது. ஆகவே அதன் சம்பளப் பட்டியல் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே எழுதுங்கள். அந்தக் கம்பெனிகள் வழியாக வந்து போகும் ஈவுத்தொகையும் வட்டியும் சொத்து வருமானம். அது உற்பத்தியே இல்லை, மதிப்புக் கூட்டலில் அதற்கு இடமில்லை. பழைய வரிசையோடு ஒப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வகை, இரண்டாம் வகை என்று இருந்த உரிமப் பிரிவு 2019 ஜனவரியில் மாறியது, பழைய உரிமங்களுக்கு 2021 ஜூன் வரை அவகாசம் இருந்தது. அந்த ஆண்டுகளில் கம்பெனி எண்ணிக்கை ஏறி இறங்கியதை உற்பத்தி ஏறி இறங்கியதாகப் படிக்கக் கூடாது.

முகவரிக் கணக்கு எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் அறிவுச் சொத்துகளை அங்கே மாற்றி எழுதியதால் 2015-ஆம் ஆண்டின் ஜிடிபி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிக்க வேண்டி வந்தது. அந்த நாட்டு மக்களின் வாழ்க்கையில் கால்வாசி கூடவில்லை. பிறகு அவர்களே திருத்திய தேசிய வருமானம் என்று வேறொரு அளவையும் வெளியிடத் தொடங்கினார்கள். நாடே அப்படி ஆடும்போது ஒரு மாவட்டம் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வங்கிகளுக்கு: கிளைகளின் சம்பளத் தொகைப்படி பிரியுங்கள். வைப்பு எங்கே திரண்டது, கடன் எங்கே கொடுத்தார்கள் என்பதை வைத்துப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கார்ப்பரேட் கடன் எல்லாம் தலைமையகக் கிளையில் எழுதப்படுவதால் அந்த முறை மறுபடி போர்ட் லூயியிலும் எபேனிலும்தான் கொண்டு போய் விடும்.

கால வரிசை பார்ப்பவர்களுக்கு எபேன் ஒரு பொறி. 2000-களின் தொடக்கத்தில் சைபர் சிட்டி வந்த பிறகு அலுவலகங்கள் போர்ட் லூயியை விட்டு அங்கே போயின. எபேன் பிளேன் வில்லெம் மாவட்டம். அதே ஊழியர், அதே வேலை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தார்கள். மாவட்டக் கணக்கில் ஒன்று தேய்ந்து மற்றொன்று வளர்ந்ததாகத் தெரியும். இப்போது மொக்காவிலும் அதே நடக்கிறது. எந்த இடமாற்றமும் நாட்டு உற்பத்தியைக் கூட்டாது என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியிலாவது எழுதுங்கள்.

வீடு விஷயம். ஆம், வரும், பெரிதாகவே வரும். சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாகக் கணித்து அதை உற்பத்தியில் சேர்க்க வேண்டும் என்பது தேசியக் கணக்கு விதி. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் சொந்த வீட்டில் இருப்பதால் அந்தத் தொகை சிறியதல்ல. பிரிப்பதற்கு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து மாவட்டவாரி வீட்டு எண்ணிக்கை, அறைகள், கூரை வகை. அவற்றை அந்த மாதிரி வீட்டுக்கு அந்த மாவட்டத்தில் உள்ள சந்தை வாடகையால் பெருக்குங்கள்.

இங்கேதான் பிளாக் ரிவர் தனியாகத் தெரியும். தமாரின் பக்கம் 2002-ல் வந்த திட்டத்திலும், அதன் பின் 2015-ல் அதற்குப் பதிலாக வந்த திட்டத்திலும் வெளிநாட்டவருக்கு விற்ற வில்லாக்கள் இருக்கின்றன. உரிமையாளர் ஆண்டில் இரண்டு மாதம் வந்து தங்கினாலும் முழு ஆண்டின் கணிப்பு வாடகை அந்த மாவட்ட உற்பத்தியில் ஏறும். அவரோ குடியிருப்போர் கணக்கில் இல்லை. தலைக்கு வகுத்தவுடன் எண் எகிறிவிடும். அதே மாவட்டத்தில் கேஸ் நோயால், லெ மோர்ன் பக்கம் மீன் பிடித்து வாழும் குடும்பத்துக்கு அந்தச் சராசரியில் ஒரு பைசா இல்லை. ஒரு வேலைக்கான உற்பத்தியைக் கணக்கிடும்போது கணிப்பு வாடகையைக் கழித்துவிட்டு வகுங்கள், அதில் வேலை ஏதும் இல்லையே. இன்னொரு தவறும் பார்த்திருக்கிறேன்: வில்லா விற்ற விலையை உற்பத்தியாக எழுதுவது. கட்டிய ஆண்டில் கட்டுமானம் உற்பத்தி. கைமாறும்போது தரகர் கட்டணமும் நோட்டரி கட்டணமும் உற்பத்தி. நிலத்தின் விலை எந்த ஆண்டிலும் உற்பத்தி ஆகாது.


மூர்க்_கரை எழுதியது:

ரொட்ரீக்ஸைப் பத்தாவது மாவட்டம் மாதிரி வரிசையில் வைத்துவிட்டீர்கள். அப்படி வைக்கலாம், ஆனால் வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். 2002 முதல் அங்கே தனி மண்டலச் சபை இருக்கிறது. மக்கள் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல், பரப்பு 110 சதுர கிலோமீட்டருக்குள். 560 கிலோமீட்டர் கடல் தள்ளி இருப்பதால் தினமும் வேலைக்கு வந்து போவது என்ற பேச்சே இல்லை. ஆகவே வேலையிடக் கணக்கும் குடியிருப்புக் கணக்கும் இங்கே ஒன்றாகவே வரும். பெரிய தீவின் மாவட்டங்களுக்குள்ள சிக்கல் இல்லாத ஒரே பகுதி இதுதான்.

இங்குள்ள சிக்கல் மூன்று. அரசுப் பணியின் பங்கு பெரிது. அரசுப் பணியின் உற்பத்தியைச் சந்தை விலையில் அளக்க வழியில்லாததால் செலவை வைத்தே, அதாவது சம்பளமும் தேய்மானமும் சேர்த்து, மதிப்பிடுகிறார்கள். சம்பள ஆணைக்குழு அறிக்கை வந்து ஊதியம் ஏறினால் நடப்பு விலையில் ரொட்ரீக்ஸ் உற்பத்தி குதிக்கும், ஒரு மேசை கூட அதிகமாக நகர்ந்திருக்காது. நிலையான விலைக்கு (விலையேற்றத்தை நீக்கிய கணக்குக்கு) மாற்றாமல் ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது தன் வீட்டுக்கே விளைவிப்பது. சோளம், சிவப்பு பீன்ஸ், வளர்க்கும் ஆடு மாடு, பிடிக்கும் மீன். விற்காமல் வீட்டிலேயே உண்டாலும் விளைபொருள் உற்பத்தியில் சேரும் என்பதுதான் சர்வதேச விதி. சந்தைக்கு வந்ததை மட்டும் எண்ணினால் ரொட்ரீக்ஸைக் குறைத்துக் காட்டுகிறீர்கள். சமைப்பதும் குழந்தை பார்ப்பதும் அந்த விதிப்படி சேராது, அதைக் கலக்க வேண்டாம். காலாண்டு எண் எடுப்பவர்கள் ஆக்டோபஸ் தடைக்காலத்தை நினைவில் வையுங்கள். 2012-ல் தொடங்கியது. தடை மாதங்களில் பிடிப்பு நின்று, திறந்தவுடன் பெரிய ஆக்டோபஸ் மொத்தமாக வரும். ஒரு காலாண்டை மட்டும் பார்த்தால் மீன்பிடியே அழிந்ததாகவோ திடீரென்று செழித்ததாகவோ தோன்றும்.

மூன்றாவது விலை. அரிசி, எண்ணெய், சிமெண்ட், எரிவாயு எல்லாம் போர்ட் லூயியிலிருந்து கப்பலில் வருகின்றன. அதே ஆயிரம் ரூபாய் இங்கே வாங்குவது வேறு. உற்பத்தி ஒப்பீட்டுக்கு அது தேவையில்லை, வாழ்க்கைத் தரம் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் தேவை. தொலைவில் இருக்கும் அகலேகா தீவில் சில நூறு பேர்தான், அதைத் தனிப் பகுதியாகப் போட்டுத் தலைக்கு எண் சொல்லவே கூடாது. ஒரு கட்டுமானப் பணி நடந்தால் போதும், உலகப் பணக்காரத் தீவாகிவிடும். அகலேகா, செயின்ட் பிராண்டன் தீவுகள், வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்கள், கடல் பொருளாதார மண்டலத்தில் நடக்கும் வேலை இவற்றை எந்தப் பகுதியிலும் சேராதவை என்று ஒரே வரிசையில் வையுங்கள்.


கணக்கேடு எழுதியது:

மூர்க்_கரை சொன்ன கடைசி வரிசை மிக அவசியம். அது இல்லாவிட்டால் கூட்டுத்தொகையைச் சரிக்கட்ட யாராவது ஒரு மாவட்டத்தில் அந்தத் தொகையைத் திணித்துவிடுவார்கள்.

இரவு ஒளி பற்றிய மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. 2012 முதல் கிடைக்கும் புதிய வகைப் படங்களில் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை கிலோமீட்டர். நம் தீவு 1,865 சதுர கிலோமீட்டர், அதனால் புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரும்பு வயல் இரவில் இருட்டு, அலுவலகம் மாலையில் அணைந்துவிடும், துறைமுகத்தின் வெளிச்சம் பக்கத்து மலைச் சரிவு வரை கசியும், நெடுஞ்சாலை விளக்கு எதையும் உற்பத்தி செய்யாமல் மின்னும். தெரு விளக்கைப் பழைய சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாற்றினால் அளவு மாறும், ஏனென்றால் அந்த உணர்வி நீல ஒளியைச் சரியாகப் பிடிப்பதில்லை. நிதித் துறை முழுவதும் பகல் வேலை. ஆகவே மாவட்டங்களை வரிசைப்படுத்த இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரே இடத்தில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கப் பயன்படும். எல்லை மூடிய 2020 மார்ச் முதல் முழுவதும் திறந்த 2021 அக்டோபர் வரை பெல் மேர், ஃபிளிக் அன் ஃபிளாக், கிராண்ட் பே கடற்கரைகளில் வெளிச்சம் என்ன ஆனது என்று பார்க்கலாம்.

அந்த ஆண்டுகளைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். ஒப்பிடும் ஆண்டாக 2020-ஐயும் 2021-ஐயும் எடுக்காதீர்கள். 2019-ல் 13.8 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், 2021-ல் 1.8 லட்சம்தான். அந்த ஆண்டுகளில் ஃபிளாக்கும் பிளாக் ரிவரும் ரிவியேர் டு ராம்பாரும் கீழே விழுந்திருக்கும், எபேன் அலுவலகங்களை வைத்து பிளேன் வில்லெம் மேலே நிற்கும். கிராண்ட் போர்ட்டுக்கு 2020 இன்னும் மோசமான ஆண்டு. விமான நிலையம் அந்த மாவட்டத்தில். 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் புவான்த் தெஸ்னி அருகே தரைதட்டி, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்ததும் அதன் கடற்கரையில்தான். 2019-ஐயும் 2023-ஐயும் அருகருகே வைப்பது நியாயமாக இருக்கும்.


வயல்வரப்பு எழுதியது:

ஒரு விஷயத்தில் கணக்கேடு ஐயாவோடு எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு என்ற எண்ணை ஒரு தனிக் கணக்காக வைக்கச் சொல்கிறார். மின் நிலையமோ சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலையோ உள்ள கிராமப்புற மாவட்டத்தில் அந்த எண் உயர்ந்து நிற்கும். லாபம் போவது வேறு ஊரில் இருக்கும் பங்குதாரருக்கு. சவான் வாசகர் அதைப் பார்த்து ‘நம் மாவட்டம் நன்றாக இருக்கிறதே’ என்று நினைத்தால் தவறு யாருடையது? மதிப்புக் கூட்டலைச் சம்பளம் ஒரு பங்கு, இயக்க மிச்சம் (சம்பளம் போக மிஞ்சும் லாபம்) ஒரு பங்கு என்று இரண்டாகப் பிரித்து இரு நிறத்தில் காட்டுங்கள். சம்பளப் பங்கு எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.


கணக்கேடு எழுதியது:

அந்தப் பிரிவை ஏற்றுக்கொள்கிறேன், செய்யவும் முடியும். பொருளாதார நடவடிக்கைக் கணக்கெடுப்பு சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, 2002, 2007, 2013, 2018 என்று நடந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்தவை ஒரு கட்டம், பத்தும் அதற்கு மேலும் ஒரு கட்டம். துறைவாரியாகச் சம்பள விகிதத்தை அதிலிருந்து எடுத்து மாவட்டத்துக்குப் பொருத்தலாம். ஒரே துறைக்கு எல்லா மாவட்டத்திலும் ஒரே விகிதம் என்று அனுமானிக்கிறோம் என்பதை அட்டவணையின் அடியில் எழுதிவிட வேண்டும்.


எபேன்_மேசை எழுதியது:

மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்ல விரும்பினால் மக்கள்தொகை எடையிட்ட மாறுபாட்டுக் கெழுவைப் போடுங்கள். ஒவ்வொரு பகுதியின் எண்ணும் நாட்டுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, வர்க்கப்படுத்தி, அந்தப் பகுதியின் மக்கள்தொகைப் பங்கால் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, சராசரியால் வகுக்க வேண்டும். எடை இல்லாமல் போட்டால் நாற்பதாயிரம் பேர் உள்ள ரொட்ரீக்ஸும் மூன்றரை லட்சத்துக்கு மேல் உள்ள பிளேன் வில்லெமும் ஒரே கனம் பெறும். போர்ட் லூயியைச் சேர்த்து ஒருமுறை, போர்ட் லூயியையும் பிளேன் வில்லெமையும் ஒரே பகுதியாக இணைத்து இன்னொருமுறை கணக்கிடுங்கள். இரண்டு விடைக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி தினசரிப் பயணத்தால் வந்தது.

வெளியிடும்போது தசமத்துக்குப் பிறகு எண் வேண்டாம், பங்குகளை முழுச் சதவீதத்துக்கு வட்டமாக்குங்கள். பங்கீட்டு அளவுகோலை மாற்றினால், உதாரணமாகச் சம்பளத்துக்குப் பதில் ஆள் எண்ணிக்கை போட்டால், எந்த மாவட்டம் எத்தனை இடம் மேலோ கீழோ போகிறது என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். இடம் மாறாத மாவட்டங்களைப் பற்றி மட்டும் உறுதியாக எழுதுங்கள்.


மொக்கா_வாசகி எழுதியது:

2019, 2023 இரண்டு ஆண்டும் எடுக்கிறேன். ஒன்பது மாவட்டம், ரொட்ரீக்ஸ், எதிலும் சேராதவை என்று பதினொரு வரிசை. தெற்குச் சர்க்கரையைச் சேர்த்தே காட்டுகிறேன். விடுதித் தொழிலாளர் எண்ணை மாவட்டவாரியாக எழுதிக் கேட்டுக் கடிதம் அனுப்பப் போகிறேன். அட்டவணை தயாரானதும் இதே இடத்தில் போடுகிறேன், ஹோட்டல் வரிசையைக் குறிப்பாகப் பார்த்துச் சொல்லுங்கள்.


மூர்க்_கரை எழுதியது:

போடுங்கள். ரொட்ரீக்ஸ் வரிசையில் விருந்தினர் விடுதிகளை ஹோட்டலோடு சேர்க்காமல் தனியே எழுதுங்கள் அக்கா. இங்கே தங்குமிடம் பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்தது, குடும்பமே நடத்துவது. அதில் சம்பளம் வேறு லாபம் வேறு என்று பிரிக்க முடியாது, கலப்பு வருமானம் என்ற தலைப்பில்தான் வரும்.